பிசான அறுவடை முடிந்ததும் மாலத்தீவு

கேள்வி: எனக்கு 47 வயது. கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்கிறேன். வீட்டுக்காரர் விவசாயம், நெல்லும் வாழையும். கல்யாணமாகி 25 வருடமாகிறது. நாங்கள் இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போய்த் தங்கியதில்லை. மாலத்தீவில் கூட்டமில்லாத ஒரு தீவில் ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை. ரிசார்ட் பேக்கேஜ் 2.8 லட்சம், வட்டியில்லா இ.எம்.ஐ. உண்டு என்கிறார் ஏஜென்ட். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அண்ணன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மாதம் 12,000 ரூபாய் மிச்சமாகிறது. சும்மா இருப்பதற்கு இவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. இத்தனை வருடம் அப்பளமும் வயலுமாக உழைத்தவர்கள் ஐந்து நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வீண் செலவு என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த பேக்கேஜை விட்டுவிடுங்கள்.

முதலில் கடன் பேச்சை முடித்துவிடலாம். வட்டியில்லா இ.எம்.ஐ.யில் வட்டி பெரும்பாலும் விலைக்குள்ளேயே இருக்கும். முழுப் பணத்தையும் இன்றே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள், தெரிந்துவிடும். நகைக்கடனை உரத்துக்கும் அவசரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விவசாய நகைக்கடன் என்று எழுதி வாங்கிச் சுற்றுலா போவது முறையும் அல்ல. மகளின் எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம்.

மாலத்தீவில் செலவு அறை வாடகையோடு நிற்பதில்லை. விளம்பரத்தில் 100 டாலர் என்று போட்டிருந்தால், பல இடங்களில் அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், இரண்டும் சேர்ந்த தொகைக்கு 17 சதவீதம் வரி என்று ஏறி ஏறத்தாழ 129 டாலர் ஆகிவிடும். அப்புறம் பசுமை வரி. ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ஊர்மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சிறு விடுதிகளில் 6 டாலர். இதையெல்லாம் விடப் பெரிய செலவு தீவுக்குப் போய்ச் சேருவது. தள்ளியிருக்கும் ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானத்தில் போக வேண்டிவரும். போய்வர ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும். அது பகலில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்து இறங்கினால் தலைநகர் மாலே பக்கத்தில் ஓர் இரவுக்கு அறை எடுக்க வேண்டும். இவையெல்லாம் 2.8 லட்சத்தில் அடக்கம் என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

நான் சொல்வது தொட்டூ என்ற தீவு. தர்பூசணிக்கும் பப்பாளிக்கும் பேர்போன விவசாயத் தீவு. உங்கள் வீட்டுக்காரருக்கு அங்கே பொழுது போகாமல் இருக்காது. மாலேயிலிருந்து ஸ்பீட் போட் போகிறது, சிறு விடுதிகள் இருக்கின்றன. மாஃபுஷி என்ற பெயரும் காதில் விழும். அங்கே கூட்டம் அதிகம், நீங்கள் கேட்ட அமைதி கிடைக்காது.

மொத்தம் 1.5 லட்சத்துக்குள் முடிக்கப் பாருங்கள். வரி சேர்த்து ஓர் இரவுக்கு 100 டாலருக்கு மேல் போகாத அறை எடுத்து, டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் ஐந்து இரவுக்கு 45,000. விமானம் திருவனந்தபுரத்திலிருந்தே பாருங்கள், இரண்டு பேருக்கும் 35,000 வரை ஒதுக்கலாம். இரண்டு பாஸ்போர்ட்டுக்கு 3,000. திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. விசா மாலத்தீவில் இறங்கியதும் இலவசமாகத் தருகிறார்கள். போகும் முன் நிரப்ப வேண்டிய ‘இமுகா’ படிவமும் இலவசம்தான், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மீதி படகுக்கும் சாப்பாட்டுக்கும் பயணக் காப்பீட்டுக்கும். அந்த ஐந்து நாள் அப்பளம் போடாததால் விட்டுப்போகும் வருமானத்தையும் இந்தக் கணக்கில் எழுதுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பணத்துக்கு வங்கியில் 12 மாத ஆர்.டி. போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. 5 வருடத்துக்கானது, இதற்குச் சரிவராது. மாதம் 12,000 கட்டினால் அசலே 1,44,000. வட்டி 6.5 சதவீதம் என்றால் இன்னும் ஐயாயிரம் போலச் சேரும்.

மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது அங்கேயும் தென்மேற்குப் பருவமழை. வாடகை குறையும், ஆனால் கடல் கொந்தளிக்கும், படகில் உட்கார முடியாது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல வெயில். பிசான நெல் அறுவடை முடிந்து வீட்டுக்காரருக்கும் கை ஓயும் மார்ச் மாதம் உங்களுக்குத் தோது. ரமலான் நோன்பு எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உள்ளூர்த் தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது.

ஒருவேளை பேக்கேஜாகவே வாங்குவதாக இருந்தால், டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். விற்கிறவர் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி அது. அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாவிட்டால் போனது போனதுதான். அதனால் பில்லில் யாருடைய பான் எண்ணைப் போடுகிறார்கள் என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்கிறவர் பெயரிலேயே பணம் கட்டுங்கள்.