செக்கப்பில் தைராய்டு எழுதித் தர மாட்டேங்கிறாரா?

தம்பி, கனடா வந்து ஃபேமிலி டாக்டர் கிடைச்சும், வருஷாந்திர செக்கப்ல தைராய்டு டெஸ்ட் மட்டும் எழுதித் தர மாட்டேங்கிறார், காசை மிச்சம் பிடிக்கிறாங்களான்னு கேட்டிருக்கீங்க. கூடவே கார் இன்சூரன்ஸ், வாடகை வீடு. அந்த ரெண்டுக்கும் பதில் சொல்ல ஆள் ஏராளம். நான் தைராய்டுக்கு வர்றேன்.

இது காசு விஷயம் இல்ல. தொந்தரவு எதுவும் இல்லாத, கர்ப்பமா இல்லாத பெரியவங்களுக்குப் பொத்தாம்பொதுவா தைராய்டு பார்க்க வேண்டாம்னு இந்த நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு 2019லயே சொல்லிடுச்சு. டிஎஸ்எச்னு ஒரு ஹார்மோன், தைராய்டை வேலை செய்யச் சொல்லி மூளையிலேருந்து வர்றது, அதைத்தான் ரத்தத்துல பார்ப்பாங்க; தைராய்டு மந்தமானா அது ஏறும். டெஸ்ட்ல அது கொஞ்சம் ஏறியிருக்கும்; பல பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா தானா இறங்கியிருக்கும். அதுக்குள்ள ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பி மாத்திரை ஆரம்பிச்சவங்க, எதுக்குச் சாப்பிடுறோம்னே தெரியாம வருஷக்கணக்கா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.

லீவுக்கு ஊருக்குப் போய் முழு உடம்பு செக்கப் பேக்கேஜ் பண்ணிட்டு ஃபைலோட திரும்புற நம்மாளுங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதுல கழுத்து ஸ்கேன் வேற. தென் கொரியாவுல இப்படித்தான் ஸ்கேனா எடுத்துத் தள்ளினாங்க. 2011ல தைராய்டு புற்றுநோய்னு கண்டுபிடிக்கப்பட்டவங்க 1993ஐப் போல 15 மடங்கு. அதனால சாகிறவங்க எண்ணிக்கை மட்டும் அப்படியே இருந்துச்சு. சும்மா கிடந்திருக்கக்கூடிய கட்டிக்கு எத்தனையோ பேர் கழுத்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க.

அதுக்காக வாயை மூடிக்கிட்டு வரணும்னு சொல்லல. "எல்லாத்தையும் செக் பண்ணுங்க"ன்னா இங்க வேலைக்கு ஆகாது. உடம்புல என்ன மாறியிருக்கு, எப்போலேருந்துன்னு சொல்லணும். வீட்ல யாருக்காவது தைராய்டு இருக்கா, மனநலத்துக்குக் கொடுக்கிற லித்தியமோ, இதயத் துடிப்புக்குக் கொடுக்கிற அமியோடரோனோ சாப்பிடுறீங்களா, கழுத்துல கதிரியக்கச் சிகிச்சை நடந்திருக்கா, குழந்தைக்குத் திட்டம் இருக்கா, அதையும் சொல்லுங்க. அப்போ கணக்கே வேற, அவரே எழுதுவார். முடிக்காக பயோட்டின் மாத்திரை போடுறவங்க அதையும் சொல்லிடணும். அது ரிசல்ட்டையே தப்பாக் காட்டும்.

ஏற்கெனவே தைராய்டு மாத்திரையில இருந்தா மட்டும், டாக்டர் அமையலைன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. பழைய ரிப்போர்ட்டோட முன்கூட்டி அப்பாயின்ட்மென்ட் இல்லாமப் போகக்கூடிய ஒரு வாக்-இன் கிளினிக்குக்குப் போங்க.

இன்னொண்ணு, முதல் குளிர்காலத்துல எல்லாருக்குமே தைராய்டு இருக்கிற மாதிரிதான் இருக்கும். நான் பேஸ்மென்ட்ல குடியிருந்து நைட் ஷிஃப்ட் போன காலத்துல அசதி, மலச்சிக்கல், தோல் வறட்சி, ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம், எல்லாம் இருந்துச்சு. கூட இருந்தவங்க பாதிப் பேர் தங்களுக்குத் தைராய்டுன்னே முடிவு கட்டிட்டாங்க. ஷிஃப்ட் மாறி ஒழுங்காத் தூங்க ஆரம்பிச்சதும் எனக்கு எல்லாம் போயிடுச்சு. இங்க டாக்டர்னா டைலெனால் (நம்மூர் பாராசிட்டமால்) கொடுக்கத்தான் லாயக்குன்னு அப்போ திட்டினவங்க இப்பவும் திட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

என் கொழுந்தியாளுக்கு வெயில் காலம் வந்தும் குளிர் விடல, குரலும் கட்டிப்போச்சு. அதை அப்படியே சொல்லச் சொல்லி நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அவளை நாற்காலி மேல முட்டி போட வச்சு, குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாண்ல சின்னச் சுத்தியலால தட்டினார். பாதம் வெடுக்குன்னு இழுத்துச்சு, ஆனா திரும்பி வர்றப்போ மெதுவா, சோம்பேறித்தனமா வந்துச்சு. தைராய்டு மந்தமா இருந்தா இப்படித்தான் வரும். மறு பேச்சில்லாம ரத்தப் பரிசோதனைக்கு எழுதிட்டார். டிஎஸ்எச் எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. இப்போ காலையில வெறும் வயித்துல மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. பழைய குரல் வந்துடுச்சு, ஃபோன்ல பிடிச்சா விடமாட்டேங்கிறா.