வரைவதை நிறுத்திவிட்ட மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் படித்துப் பொதுத்தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே காமிக்ஸ் ஓவியர் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். போன தீபாவளிக்கு இ.எம்.ஐ.யில் பேனா டேப்லெட் (கணினியில் படம் வரைய உதவும் கருவி) வாங்கிக் கொடுத்தோம். பொங்கலுக்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. கேட்டால் "மூட் இல்லை" என்கிறாள். கவின் கலைக் கல்லூரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள், இப்போது "எதுவானாலும் சரி" என்கிறாள். அவள் அப்பா பி.காம்.முக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார். ஆர்வமே போய்விட்டதா? என்ன செய்வது?
– ஒரு தாய், கொளத்தூர், சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவள் ஏன் நிறுத்தினாள் என்பது ஒன்று, எந்த விண்ணப்பத்தைப் போடுவது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குக் கடைசித் தேதி இருப்பதால் வீட்டில் அதைப் பற்றித்தான் வாக்குவாதம் நடக்கிறது. முதலாவதைப் பற்றி யாரும் அவளோடு உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

அதற்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நின்றுபோனது வரைவது மட்டும்தானா, இல்லை எல்லாமேவா? சாப்பாடு, தூக்கம், தோழிகளோடு அரட்டை, பிடித்த பாட்டு என்று எல்லாவற்றிலிருந்தும் விலகி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறாள் என்றால் இது என்னிடம் கேட்க வேண்டிய விஷயமே இல்லை. மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மணிக்கட்டு வலிக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வலியைச் சொன்னால் டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் உண்டு.

இதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு நிறுத்தினாள் என்கிறீர்கள். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் பொங்கலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு, டியூஷன், காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவது. அந்த மாதங்களில் அவள் வரைந்திருந்தால்தான் நீங்கள் திட்டியிருப்பீர்கள். ஆக, நிறுத்தியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தேர்வு முடிந்த பிறகும் ஏன் தொடங்கவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது.

அவள் கடைசியாக வரைந்த பக்கத்தை, அவள் அனுமதி கொடுத்தால், ஒருமுறை பாருங்கள். படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பக்கத்தில் பிரித்திருக்கும் படக் கட்டங்களில் எந்தக் கட்டத்தோடு நின்றிருக்கிறது என்று பாருங்கள். காமிக்ஸ் வரையும் மாணவர்களின் பாதியில் விட்ட பக்கங்கள் பலவும் ஒரே மாதிரி இருக்கும். முதல் மூன்று கட்டங்களில் முகங்கள் அழகாக இருக்கும். எல்லா முகமும் ஒரே பக்கம் சற்றே திரும்பியிருக்கும். கைகள் பாக்கெட்டுக்குள் போயிருக்கும், அல்லது கட்டத்தின் ஓரத்தோடு வெட்டப்பட்டிருக்கும். பின்னணி வெறுமையாக இருக்கும். நான்காவது கட்டத்தில் கதைப்படி நாயகி பிராட்வே பஸ் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே ஓட வேண்டும். அந்தக் கட்டத்தில் பென்சிலால் இரண்டு கோடு, அழித்த தடம், அவ்வளவுதான்.

"எனக்கு பஸ் வரைய வரவில்லை" என்று சொல்வது, சிறுவயதிலிருந்தே 'நல்லா வரையற பொண்ணு' என்று பெயர் வாங்கியவளுக்குச் சுலபமில்லை. "மூட் இல்லை" என்று சொல்வது சுலபம். பஸ் வரையத் தெரியாதது ஒரு சின்னக் குறை, பயிற்சியில் சரியாகிவிடும். ஆனால் அதை யாரிடமும் சொல்லாமல் நான்கு மாதம் வைத்திருந்தால், எனக்கு வரையவே வராது என்ற முடிவாக அது மாறிவிடும்.

இன்னொன்று, வேலையின் அளவு. பெரும்பாலும் இந்த வயதில் தொடங்கும் கதை முந்நூறு பக்கக் காவியமாகத்தான் இருக்கும். அமெரிக்க மாதாந்திர காமிக்ஸ் இதழ் ஒன்று ஏறக்குறைய 20 முதல் 22 பக்கம். அதற்குக் கதை எழுத ஒருவர், பென்சிலில் வரைய ஒருவர், மை போட ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்து பொறிக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். ஜப்பானில் வார இதழ்களில் வரைபவர்கள் பின்னணி போட உதவியாளர்களை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள் இத்தனை பேர் வேலையையும் தன் ஒரு மேஜையில், அக்கவுன்டன்சி புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யப் பார்த்திருக்கிறாள். நின்றுபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் ஊரிலேயே தினத்தந்தியில் 1960 முதல் வரும் கன்னித்தீவு, ஒரு நாளைக்குச் சில கட்டங்கள்தான். அதையும் ஒரே ஓவியர் வரைந்து வரவில்லை.

அடுத்து சொல்லப்போவது உங்களுக்கும் அவள் அப்பாவுக்கும். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் சோதனை ஒன்று செய்தார்கள். தாமாகவே விரும்பி வரைகிற குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வேறு சிலருக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியை மட்டுமே வரைவதில் செலவிட்டார்கள். சொல்லாமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. அவர்கள் சின்னக் குழந்தைகள், உங்கள் மகளுக்கு 17 வயது, அப்படியே பொருத்திவிட முடியாது. காசு வாங்கிக்கொண்டு நாற்பது வருடம் ஆசையாக வரைந்தவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் மாதம் பிறந்தால் இ.எம்.ஐ. போகிறது, "இவ்வளவு செலவு பண்ணோமே, ஏதாவது வரைஞ்சியா?" என்று சாப்பிடும்போது கேட்கிறோம், சித்தப்பா வந்தால் "சித்தப்பாவோட படம் போட்டுக் காட்டு" என்கிறோம், இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவளே எண்ணுகிறாள் என்றால், ஒரு கோடு போடுவதற்குள் எத்தனை பேருக்குக் கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது!

அதனால் டேப்லெட்டை ஒரு மாதத்துக்கு அலமாரியில் வைத்துவிடச் சொல்லுங்கள். கோபமாக அல்ல, சாதாரணமாக. கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் போதும். என்ன வரைந்தாய் என்று கேட்காதீர்கள், நோட்டைத் திறந்தும் பார்க்காதீர்கள். உங்களுக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் மகளுக்கு நேராக எழுதுகிறேன்; இந்தப் பகுதியை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெரிய கதையை மூடி வை, கிழித்துப் போடாதே. அதற்குப் பதில் நான்கு பக்கத்தில் முடிகிற ஒரு கதை எடு. இரண்டு பேர், ஒரு இடம், ஒரு சின்ன பிரச்சினை. ரேஷன் கடை வரிசையில் நடக்கும் சண்டை போதும். நான்கு பக்கத்தையும் முதலில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் குச்சி மனிதர்களை வைத்துப் போட்டுப் பார். ஒரு சாயங்காலத்தில் கதை முழுக்கக் கண்முன் வந்துவிடும். எந்தக் கட்டத்தில் மாட்டிக்கொள்ளப் போகிறாய் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வசனத்தையும் அந்த நிலையிலேயே எழுதி வை. தமிழில் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரு சொல்லே வசனம் எழுதும் பலூனை அடைத்துக்கொள்ளும். ஆங்கில, ஜப்பானியப் பக்கங்களைப் பார்த்துக் கட்டம் பிரித்துவிட்டு, கடைசியில் எழுத்துக்கு இடமில்லாமல் முகத்தின் மேல் பலூன் போடும் கொடுமையை நிறையப் பார்த்துவிட்டேன்.

கை வரைய வரவில்லையென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குப் போ. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போ. வரையலாமா என்று காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். திருவாலங்காடு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். ஒரு சிலைக்கு நான்கு கை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், நகராமலும் நிற்கும். பயிற்சிக்கு வேறென்ன வேண்டும்? கூட்டம் வரைய வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட் வரை போய் வா. தூங்குகிறவர், கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர், பூக்கூடையை மடியில் வைத்திருக்கும் அம்மா என்று ஆளுக்கு அரை நிமிடம். முகம் வேண்டாம், உடம்பு எப்படி வளைந்திருக்கிறது என்பது மட்டும். அசிங்கமாகத்தான் வரும், வரட்டும். அந்த நோட்டை எங்கேயும் பதிவேற்றாதே. பஸ்ஸுக்கு முதலில் ஒரு பெட்டி வரையக் கற்றுக்கொள். மேலிருந்து, கீழிருந்து, மூலையிலிருந்து பெட்டியை வரைய வந்தால் பஸ்ஸுக்கு ஜன்னலும் சக்கரமும்தான் பாக்கி.

ஒருவேளை இதையெல்லாம் செய்து பார்த்தும் கை போகவில்லை, ஆனால் கதை மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், நீ எழுதுகிற ஆளாக இருக்கலாம். காமிக்ஸில் எழுத்தாளர் என்பது தனி வேலை. கதையும் ஓடவில்லை, காமிக்ஸ் படிக்கவும் தோன்றவில்லை என்றால், பிடித்தது மாறிவிட்டது. 17 வயதில் மாறலாம். அதற்காக டேப்லெட் விலையைச் சொல்லி உன்னை யாரும் குற்றவாளியாக்கக் கூடாது.

சரி, விண்ணப்ப விஷயத்துக்கு வருவோம், அம்மா.

"எதுவானாலும் சரி" என்று அவள் சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அப்பா அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஜூலையில் பி.காம். வகுப்பில் உட்கார்ந்த பிறகு அவளுக்கு மறுபடி வரையத் தோன்றினால், அந்தக் கோபம் முழுக்க உங்கள் இரண்டு பேர் மேலும்தான் திரும்பும். மூட் வரட்டும் என்று விண்ணப்பத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டையும் போடுங்கள். விண்ணப்பக் கட்டணம் நஷ்டமானாலும் பரவாயில்லை.

பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே பி.எஃப்.ஏ. என்ற கவின் கலை இளங்கலைப் பட்டம் நான்கு வருடப் படிப்பு. வணிகவியல் படித்ததால் தடை எதுவும் இல்லை. மதிப்பெண்ணோடு கை வேலையையும் சோதிக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. காமிக்ஸுக்கென்று தனிப் பட்டம் அங்கே கிடையாது. ஓவியம், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், சிற்பம் போன்ற துறைகள்தான். கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு உண்டு. ஐ.ஐ.டி. பாம்பேயின் டிசைன் படிப்புக்கான யூசீட் தேர்வு ஜனவரியில் நடந்து முடிந்துவிடும், அதனால் இந்த வருடம் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழில் காமிக்ஸ் மட்டும் வரைந்து மாதச் சம்பளம் வாங்கும் வேலை அரிது. முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் சிவகாசியிலிருந்து தொடங்கின. அவற்றில் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. நாம் சிறுவயதில் வாங்கிய ராணி காமிக்ஸ் 2005-லேயே நின்றுவிட்டது. ஆனால் கட்டம் கட்டமாகக் கதை சொல்லத் தெரிந்த கைக்கு வேறு இடங்களில் வேலை இருக்கிறது. சினிமாவுக்கும் விளம்பரப் படங்களுக்கும் ஸ்டோரிபோர்டு (படமெடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவது) போடுவது, அனிமேஷன் ஸ்டூடியோக்கள், வீடியோ கேம் நிறுவனங்கள், குழந்தைகள் புத்தகம். தூலிகா, தாரா புக்ஸ் என்று படப் புத்தகங்களுக்குப் பேர்போன பதிப்பகங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளும் தொழில் இது. முதல் சில வருடம் வருமானம் ஒரே சீராக வராது என்பதை அவள் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவர் சொல்லும் பி.காம்.மையும் நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அரை நாள் ஷிப்ட் கல்லூரியாகக் கிடைத்தால் மீதி நேரம் அவளுடையது. பில் போடவும், ஒப்பந்தத்தில் உரிமை யாருக்குப் போகிறது என்று படித்துப் பார்க்கவும் தெரியாமல் ஏமாறும் ஓவியர்கள் நிறைய; வணிகவியல் அதில் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அவள் அதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வரைய முடியவில்லை என்ற தோல்வியில் போய் விழக் கூடாது.

நுழைவுத் தேர்வு அறிவிப்பு வந்ததும், ஒரு வேலை நாளில் மூன்று பேரும் பெரியமேடு போய் வாருங்கள். அவள் அப்பா கட்டாயம் வர வேண்டும். சீனியர் மாணவர்களிடம் அவரே நேரில் பேசட்டும்; படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கட்டும். அதற்குள் அந்த நான்கு பக்கக் கதை முடிந்திருந்தால், அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பென்சிலில் இருந்தாலும் போதும். ஓவியத் துறையா, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனா என்பதை அதை வைத்துக்கொண்டு பேசலாம்.