வெடிக்காத மூளை அனூரிசம்: காயில், ஸ்டென்ட், ஃப்ளோ டைவர்ட்டர், எது நல்லது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, ராணிப்பேட்டையில் இருக்கிறோம். தலைசுற்றலுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளை ரத்தக்குழாயில் 6 மி.மீ. அனூரிசம் இருப்பது தெரிந்தது. வெடிக்கவில்லை. தலையைத் திறக்காமல் செய்யும் சிகிச்சைகளில் எது நல்லது?

பதில்: நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்தில் இருக்கும் என் சித்திக்கு இதே பிரச்சினை வந்தது. வேலூரில் சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறார். கூடவே அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அனூரிசம் என்பது ரத்தக்குழாயில் வரும் வீக்கம். எது நல்லது என்பதை அந்த வீக்கத்தின் வாய்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். சைக்கிள் டியூபில் ஓரிடம் பலவீனமாகி உப்பிக்கொள்ளுமே, அப்படித்தான் இதுவும். உப்பலின் வாய் எவ்வளவு அகலம், பக்கத்தில் கிளைக்குழாய் பிரிகிறதா என்பதெல்லாம் ரத்தக்குழாயில் சாயம் செலுத்திப் படமெடுக்கும் டி.எஸ்.ஏ. என்கிற ஆஞ்சியோவில்தான் துல்லியமாகத் தெரியும். அதற்கு முன்பே ஒரு முறையைச் சொல்லி நாள் குறித்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

எல்லா முறையிலும் தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை மூளை வரை கொண்டுபோவார்கள். வாய் குறுகலாக இருந்தால் பிளாட்டினம் சுருள்களை உள்ளே நிரப்பினாலே போதும். அதுதான் காயிலிங், 1990-களிலிருந்து நடக்கிறது. வாய் அகலமாக இருந்தால் சுருள் வெளியே நழுவும் என்பதால் தற்காலிகமாக ஒரு பலூனையோ, நிரந்தரமாக ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையோ தாங்கலாக வைப்பார்கள். ஃப்ளோ டைவர்ட்டர் வேறு வகை. பெரும்பாலும் வீக்கத்துக்குள் எதையும் வைப்பதில்லை. நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாயை முக்கிய ரத்தக்குழாயில் பொருத்துவார்கள். வீக்கத்துக்குள் போகும் ரத்தம் குறைந்து, உறைந்து, ஆறு மாதம் ஒரு வருடத்தில் மெல்ல மூடும். குழாய் இரண்டாகப் பிரியும் முனையில் இருந்தால் வெப் என்ற சின்ன வலைக்கூட்டை உள்ளேயே வைப்பதும் உண்டு.

சரி, எங்களிடம் யாரும் முதலில் அழுத்திச் சொல்லாத விஷயம் மாத்திரை. ஸ்டென்டோ ஃப்ளோ டைவர்ட்டரோ வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் மாதக்கணக்கில் சேர்த்துச் சாப்பிட வேண்டும். சிகிச்சைக்குச் சில நாள் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். தானாக நிறுத்தினால் வலைக்குழாயில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அதனால் அம்மாவுக்குப் பல் பிடுங்குவது, கண்புரை, மூட்டு ஆபரேஷன் என்று ஏதாவது பாக்கி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல்சர் இருந்தாலும்தான். மெடிக்கலில் தானாக வாங்கும் வலி மாத்திரை கூடாது, ரத்தக்கசிவு வரலாம். கேஸ் மாத்திரையைக்கூடக் கேட்டுத்தான் போட வேண்டும். ஒமெப்ரஸோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். சிலருக்கு குளோபிடோக்ரெலே சரியாகக் கேட்காது, அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தால் அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சாதாரண காயிலிங்கோ, தலையைத் திறந்து வீக்கத்தின் வாயில் கிளிப் போடுவதோ அவருக்குப் பொருந்தலாம்.

எதுவும் செய்யாமல் கவனிப்பதும் ஒரு வழிதான். 2003-இல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வில், மூளையின் முன்பக்கக் குழாய்களில் 7 மி.மீ.க்குக் குறைவாக இருந்து, முன்பு ரத்தக்கசிவு வராதவர்களுக்கு ஐந்து வருடத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. பின்பக்கம் என்றால் 2.5 சதவீதம். அதற்காகச் சின்னது வெடிக்கவே வெடிக்காது என்று நினைக்க வேண்டாம், சின்னது வெடித்து வருபவர்களையும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். இடம், வடிவம், வயது, பி.பி. எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. சிகிச்சையிலும் பக்கவாத அபாயம் உண்டு என்பதால், "என் அம்மாவுக்கு இரண்டில் எது பெரிய ஆபத்து?" என்று நேராகக் கேளுங்கள்.

செலவில் பெரும்பகுதி உள்ளே வைக்கும் பொருளுக்குத்தான் போகும். சுருள் எத்தனை ஆகும், கூடினால் விலை என்ன என்று எழுதி வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் விசாரியுங்கள். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ மறுபடி ஆஞ்சியோ வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அதுவரை பி.பி. மாத்திரை தவறக் கூடாது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்லுங்கள் (எங்கள் சித்தப்பாவை வாசலுக்கு அனுப்பவே பெரும்பாடு). வாழ்நாளில் வராத அளவு தலைவலி திடீரென்று இடித்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.