அப்பாவின் முகம் வரையவே வரவில்லை என்றால்

கேள்வி: நான் பதினோரு வருடமாகக் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே என் பென்சில்களை அவர்தான் பிளேடால் சீவித் தருவார். இதையே நான் தொழிலாக எடுத்துக்கொண்ட பிறகும் அவர் அதை விடவில்லை. கடைசியாகச் சீவி வைத்த ஏழு பென்சில் ஒரு டப்பாவில் அப்படியே இருக்கிறது, தொட மனசு வரவில்லை. இப்போது கையில் இருப்பது ஒரு தாத்தா பேத்தி கதை. தொலைந்த குடையைத் தேடி இரண்டு பேரும் தெருத்தெருவாக அலைகிறார்கள், குடையோ தாத்தாவின் சட்டைக் காலரில் முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டே இருக்கிறது. சிரிப்புக் கதை. ஆனால் தாத்தாவை வரைய உட்கார்ந்தால் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பார்த்த முகம் வருகிறது, இல்லாவிட்டால் யாரோ ஒருத்தர் முகம் வருகிறது. புகைப்படங்களைப் பரப்பி வைத்தும் வரைந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு "இது அப்பா இல்லை" என்றான். அப்பாவை மறந்துகொண்டே வருகிறேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னொருவர் எழுதிய கதைக்குள் என் அப்பாவைக் கொண்டுபோய் வைப்பது சரியா என்றும் தெரியவில்லை. கெடு மூன்று மாதம். வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: திருப்பிக் கொடுக்காதீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்க விரும்பவில்லை, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தக் குடையில் கண் நின்றது. பெரியவர் ஒருத்தர் "குடையைக் காணோமே" என்று வாசிக்கிறார், மடியில் இருக்கும் குழந்தை படத்தைப் பார்த்து "அதோ, முதுகிலே!" என்று கத்துகிறது. கதையின் உயிர் முழுக்க அந்த ஒரு கத்தலில் இருக்கிறது, இல்லையா? அந்தக் கத்தல் வர வேண்டுமென்றால் தாத்தாவைப் பாதிப் புத்தகத்துக்கு மேல் பின்னாலிருந்து வரைந்துதான் ஆக வேண்டும். முகம் வராமல் தவித்துக்கொண்டிருக்கும் உங்களைத் தேடி, முதுகைக் கேட்கிற கதை ஒன்று வந்திருக்கிறது. இதை விட்டுவிடாதீர்கள் தோழி.

என் அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நானும் படம் வரைகிறவள்தான். முதல் வருடம் முழுக்க எனக்கும் அந்தக் கடைசி முகம் மட்டும்தான் வந்தது, அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த எழுபது வருடத்தையும் யாரோ வழித்தெடுத்துப் போய்விட்ட மாதிரி இருந்தது. அதை மறதி என்றுதான் நானும் நினைத்தேன். அது மறதி இல்லை. கடைசியாக, அதுவும் அத்தனை பயத்தோடு உற்றுப் பார்த்த முகம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது, மற்றவை அதற்குப் பின்னால் நிற்கின்றன. எனக்கு ஒன்றரை வருடம் போல ஆயிற்று, அப்புறம் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் அவர் தும்மலுக்கு முன்னால் முகத்தைச் சுருக்குவது அப்படியே வந்தது. உங்களுக்கும் இத்தனை நாளில் வரும் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் கெடு மூன்று மாதத்தில் இருக்கிறது என்பதற்காக அந்த முகத்தைப் பிடித்து இழுக்காதீர்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

புகைப்படங்களைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு. அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், பாருங்கள், அழுங்கள், ஆனால் மேஜையில் பரப்பி வைத்து வரையாதீர்கள். முக்கால்வாசிப் படங்களில் மனிதர்கள் "இங்கே பாருங்க" என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். போனைக் கிட்டத்தில் வைத்து எடுத்த படமென்றால் மூக்கு பெரிதாகி, காது பின்னுக்குப் போய்விடும், அது கேமரா இருந்த தூரம் செய்கிற வேலை. அதைப் பார்த்து வரைந்தால் அண்ணன் "இது அப்பா இல்லை" என்று சொல்லத்தான் செய்வார்.

பழைய கலர் பிரிண்டுகள் இன்னும் மோசம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிரிண்ட் போட்ட பல படங்களில் ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும், அதனால் படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். இது தெரியாமல் நான் ஒரு படத்தைப் பார்த்து அப்பாவின் சட்டைக்கு மங்கிய ஊதாச்சிவப்புக் கலந்து இரண்டு நாள் உட்கார்ந்து தீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "அது வெளிர்நீலச் சட்டையாச்சே, நான்தானே துவைச்சேன்" என்றார். அதைத் துவைத்தவருடைய கைக்குத் தெரிந்திருந்தது அந்த நிறம்.

சரி, அப்படியானால் எதைப் பார்த்து வரைவது? உங்கள் அப்பாவை நீங்கள் முதன்முதலாகப் பார்த்த உயரத்திலிருந்து பாருங்கள். மூன்றடி உயரக் குழந்தைக்கு அப்பாவின் முகம் என்பது தூரத்தில், மேலே, பெரும்பாலும் தாடையின் அடிப்பக்கமாகத் தெரிகிற ஒன்று. கண்ணுக்கு நேராக இருப்பது முழங்கால், பிடித்துக்கொண்டு நடக்கிற ஒற்றை விரல், சட்டைப்பையில் குத்தியிருக்கும் பேனாவின் மூடி, உட்காரும்போது வேட்டியிலோ பேன்ட்டிலோ விழுகிற மடிப்பு. குழந்தைகள் புத்தகத்துக்கு வரைகிற நமக்கு இந்த உயரத்தில் குனிந்து பார்த்துப் பழக்கம் உண்டு, மற்றவர்களுக்கு அது கிடையாது. குடைக் கதையில் பேத்தியின் கண்மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் கண்ணையும் வையுங்கள். தாத்தாவின் முகம் பல பக்கங்களில் தானாகவே சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

அடுத்து நடை. இரண்டு பேரும் அலைகிற கதை இது. ஒரு மனிதரைத் தெருக்கோடியில் வரும்போதே அடையாளம் கண்டுகொள்கிறோமே, முகத்தைப் பார்த்தா கண்டுபிடிக்கிறோம்? எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, கை முன்னால் வீசுகிறதா பின்னால் கட்டியிருக்கிறதா, செருப்பின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவாரா இல்லை முழு உடம்போடு திரும்புவாரா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டால், எழுந்து அறைக்குள் அவர் மாதிரி பத்தடி நடந்து பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நான் செய்தது இது. என் உடம்பு அவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றபோதுதான் அவருடைய இடது முழங்கை எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பது நினைவு வந்தது, உடனே உட்கார்ந்து வரைந்தேன்.

அண்ணன் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மூத்தவர், அவருக்குக் கிடைத்த அப்பா உங்களுடையவரைவிடச் சில வருடம் இளையவர், முடி இன்னும் கறுப்பு, ஒருவேளை கோபமும் கூடுதலாக இருந்திருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு அப்பா என்பது நடக்கிறதுதான். "உனக்கு அப்பா எப்படி உட்காருவார் என்று நினைவிருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். திருத்தம் கேட்காதீர்கள், கதை கேளுங்கள். உங்கள் படத்துக்கு உதவாவிட்டாலும் அந்தச் சாயங்காலம் இரண்டு பேருக்கும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொருவர் கதைக்குள் அப்பாவை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரேமண்ட் பிரிக்ஸ் செய்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் பெரிய படப்புத்தகக்காரர், அவருடைய அப்பா வீடு வீடாகப் பால் போட்டவர். அப்பாவும் அம்மாவும் 1971-இல், ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். 1973-இல் அவர் வரைந்தது கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிய புத்தகம். அந்தத் தாத்தா குளிரை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, மழையிலும் பனியிலும் வீடு வீடாகப் போய் வேலையை முடித்துவிட்டு வருகிற ஒரு தொழிலாளி. அது தன் அப்பாதான் என்று பிரிக்ஸே சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாத்திரத்துக்குள் தன் அப்பாவின் வேலையையும் முணுமுணுப்பையும் வைத்தார், படித்த குழந்தைகளுக்கு அது கிறிஸ்துமஸ் தாத்தாவாகவே இருந்தது. அப்பா அம்மாவை அவர்கள் பெயரோடு, முகத்தோடு, வாழ்க்கையோடு வரைந்த புத்தகம் 1998-இல்தான் வந்தது. அவர்கள் போய் இருபத்தேழு வருடம் கழித்து.

எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. அப்பாவின் புத்தகத்தை இப்போதே போட்டாக வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. இந்தக் குடைத் தாத்தாவுக்கு அப்பாவின் ஒரு நடையைக் கொடுங்கள், ஒரு கையைக் கொடுங்கள், மீதியெல்லாம் கதை கேட்கிறபடி இருக்கட்டும். தாத்தாவுக்கு உங்கள் அப்பாவின் வழுக்கை இருந்தால் குடை தொங்குவதற்கு வசதி என்றால் வையுங்கள், கதைக்குத் தொந்தரவு என்றால் வேண்டாம். எழுதியவருக்கு இது துரோகம் ஆகாது. யாரையும் பார்க்காமல், எங்கிருந்தும் எடுக்காமல் ஒரு தாத்தாவை வரைந்த ஓவியர் இருக்கவே முடியாது.

சிரிப்புக் கதைக்குள் உங்கள் துக்கம் கசிந்துவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும், எழுதவில்லை என்றாலும். கொஞ்சம் கசியட்டும். இங்கிலாந்து எழுத்தாளர் மைக்கேல் ரோசன் தன் மகன் இறந்த துக்கத்தை எழுதி, க்வென்டின் பிளேக் வரைந்து 2004-இல் வந்த படப்புத்தகத்தின் முதல் படத்தில் அந்த மனிதர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் வரிகள் இவர் சோகமாக இருக்கிறார் என்கின்றன. குழந்தைகள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் மறைக்கிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் வளர்கிறார்கள்.

வேலைக்கு வருவோம். 32 பக்கம் என்று வைத்துக்கொண்டால் தலைப்பு, பதிப்புரிமை எல்லாம் போக உங்களுக்கு 12 முதல் 14 இரட்டைப் பக்கம் மிஞ்சும். எந்தப் பக்கத்தில் என்ன படம் என்று காட்டுகிற ஸ்டோரிபோர்டைச் சிறுசிறு கட்டங்களாகப் போட்டு, தாத்தா முதுகு காட்டுகிற பக்கங்களுக்கு ஒரு புள்ளி வையுங்கள். முதல் ஒன்றரை மாதம் அவை மட்டும்தான், தெருவும் நாயும் பேத்தியும் அந்த முதுகும். முகம் முழுசாகத் தெரிய வேண்டிய பக்கம் நான்கோ ஐந்தோ இருக்கும், அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாத்திரத்துக்கு முன், பின், பக்கவாட்டு என்று மாதிரித்தாள் போடுவோமே, அதில் முகக் கட்டத்தைக் காலியாக விட்டே எடிட்டருக்கு அனுப்பலாம். ஆனால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். "அப்பா தவறிவிட்டார், முகங்களைக் கடைசியில் தருகிறேன், ஒருவேளை மூன்று வாரம் கூடுதலாகத் தேவைப்படலாம்" என்று இப்போதே சொன்னால் அவர்களால் அச்சு நாளைத் தள்ளி வைக்க முடியும். கெடு முடிகிற வாரத்தில் சொன்னால் முடியாது.

தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள், பதிப்பாளருக்குக் காட்ட வேண்டாம், அண்ணனுக்கும் வேண்டாம். அதில் அந்த ஆஸ்பத்திரி முகத்தையும் வரையுங்கள். வந்தால் விரட்டாதீர்கள். குடைத் தாத்தாவின் இடத்தில் வந்து நிற்பதால்தானே அது தொந்தரவாக இருக்கிறது, அதற்கென்று ஒரு பக்கம் கொடுத்துப் பாருங்கள். நான் அப்படி பதினாலு பக்கம் வரைந்தேன், இன்றைக்கும் அந்த நோட்டைத் திறப்பதில்லை, ஆனால் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். காணிக்கைப் பக்கத்தில் அப்பாவின் பெயரைப் போடலாமா என்று எழுத்தாளரிடம் கேளுங்கள், பாதி இடம் உங்களுக்கு உண்டு.

அப்புறம் அந்த ஏழு பென்சில். பிளேடால் சீவின பென்சிலைப் பார்த்தாலே தெரியும், ஷார்ப்னரில் திருகினது மாதிரி வழவழவென்று கூம்பாக இருக்காது. மரத்தில் ஒவ்வொரு வெட்டும் ஒரு இதழ் மாதிரி தனித்தனியாகத் தெரியும், கை எங்கே அழுத்தியது, எங்கே தயங்கியது என்பதுகூட அதில் இருக்கும். முனையும் நீளமாக வெளியே நிற்கும், சாய்த்துப் பிடித்து நிழல் போடுவதற்கு அது எவ்வளவு சுகம் என்று நீங்கள் சிறுவயதிலேயே பழகியிருப்பீர்கள். ஒன்றை எடுத்து அப்படியே பத்திரப்படுத்துங்கள், முனையில் பஞ்சு சுற்றி. ஒன்றை அண்ணனுக்குக் கொடுங்கள். மிச்சம் ஐந்தும் வரைவதற்காகச் சீவப்பட்டவை, அவற்றால் குடைத் தாத்தாவின் முதுகை வரையுங்கள். பென்சில் முனையின் கிராஃபைட் வெளிச்சத்தில் மங்காது, கை பட்டால்தான் ஈஷும், அதனால் முடித்ததும் ஈஷாமல் பிடித்துவைக்கிற ஃபிக்ஸேடிவ் அடித்துவிடுங்கள். மூல ஓவியங்கள் உங்களிடமே திரும்பி வருமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தப் புத்தகத்துக்கு அது அவசியம்.

முனை மழுங்கினால் ஷார்ப்னரைத் தேடாதீர்கள். அவர் சீவுகிறதை எத்தனை ஆயிரம் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள், பிளேடை எடுத்து, கட்டைவிரலை எங்கே வைப்பாரோ அங்கே வைத்து, உங்களிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். ஒன்றிரண்டு தடவை முனை உடையும், பரவாயில்லை.

புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வாங்கி, அந்த முதுகைத்தான் முதலில் தேடிப் பார்ப்பேன்.