காரின் உட்புற நிறத்தை வீட்டிலேயே மாற்றுதல்: கேள்வி பதில்

காரின் உட்புறப் பாகங்களுக்கு வீட்டிலேயே நிறம் மாற்றுவது குறித்துக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொறுமை இருந்தால் இது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். நேரத்தில் பெரும்பகுதி நிறம் அடிப்பதற்கு முந்தைய தயாரிப்பிலேயே செலவாகும் என்பதை மட்டும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிர் பழுப்பு நிறக் கதவுப் பலகைகளையும், முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள சென்டர் கன்சோலையும் கருப்பாக மாற்ற விரும்புகிறேன். எந்தப் பெயிண்ட் வாங்குவது?

பெயிண்ட் வாங்குவதற்கு முன், அந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். கழற்றிப் பின்புறம் பார்த்தால், பெரும்பாலும் அதன் வகை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றிருந்தால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் தின்னர், அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான்கள் அதைக் கரைத்து மேற்பரப்பைக் கெடுத்துவிடும். பிபி (PP) என்றிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். அதன்மீது எந்தப் பூச்சும் இயல்பாக ஒட்டாது என்பதால், அட்ஹீஷன் புரொமோட்டர் எனப்படும் நிறமற்ற திரவத்தை முதலில் மெல்லியதாக அடித்து, டப்பாவில் சொல்லப்பட்டுள்ள இடைவெளிக்குள் நிறத்தை அடிக்க வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால், முதல் சில வாரங்களுக்கு அழகாக இருக்கும் நிறம் பிறகு நகம் பட்டாலே தோலாக உரிந்து வரும்.

நிறத்துக்கு, பிளாஸ்டிக்குக்கும் வினைலுக்கும் என்றே தயாரிக்கப்பட்ட, பாகம் வளைந்தாலும் பூச்சில் விரிசல் விழாத ஸ்ப்ரேயை வாங்குங்கள். இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, முதல் கோட்டில் பழைய நிறம் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டு, மூன்று நான்கு மெல்லிய கோட்டுகளில் நிறத்தை நிறைவாக்குங்கள். தடித்த கோட் வழிந்துவிடும் என்பதோடு, பாகத்தில் இருக்கும் தோல் போன்ற நுண்வரிகளையும் அடைத்துவிடும். அந்த வரிகள் மறைந்தால், பிறகு பெயிண்ட் அடித்ததாகவே அது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: சோப்பு நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் அடித்தேன். ஆனாலும் பெயிண்ட் சிறு சிறு வட்டங்களாக விலகி நிற்கிறது. ஏன்?

டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றப் பயன்படுத்தும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது சோப்புக்கு முழுமையாகப் போகாது. அது இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால், கீறல்களுக்குள் இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும். எனவே வரிசைதான் முக்கியம். முதலில் சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு வரிகளுக்குள் இருக்கும் அழுக்கை எடுத்து, நன்றாக உலர்த்துங்கள். அடுத்து மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள்; ஒரே துணியை இரண்டுக்கும் பயன்படுத்தினால் அழுக்கை இடம் மாற்றுகிறோமே தவிர நீக்குவதில்லை. அதன் பிறகே தேய்க்க வேண்டும். வரி போட்ட பரப்புக்கு உப்புத்தாளைவிட ஸ்கஃப் பேட் எனப்படும் சாம்பல் நிற நார்ப்பட்டையே ஏற்றது. கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

இப்போது கெட்டுப்போனதை முழுமையாகக் காயவிட்டு, 600 எண் உப்புத்தாளால் சமன் செய்து, இதே வரிசையில் மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: கதவில் உள்ள பொத்தான்களின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகிவிட்டது. அதன்மீதே கருப்பு அடித்துவிடலாமா?

கூடாது. அது தொடுவதற்கு மென்மையாக இருக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் பூசப்பட்ட பாலியூரித்தேன் பூச்சு. வெப்பத்தாலும் ஈரத்தாலும் காலப்போக்கில் சிதைந்து இப்படி ஆகிறது. சிதைந்த அடித்தளத்தின்மீது எதை அடித்தாலும் நிற்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சிறிது சிறிதாகத் தேய்த்து, கீழே உள்ள கடினமான பிளாஸ்டிக் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். பொத்தான்களின் குறியீடுகளும் சேர்ந்து அழியக்கூடும் என்பதால் மறைவான ஓரத்தில் முதலில் சோதியுங்கள். பல வேளைகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கின் நிறமே போதுமானதாக இருக்கும்.

கேள்வி: டேஷ்போர்டின் மேற்பகுதியை வெள்ளையாக்க ஆசை. செய்யலாமா?

வேண்டாம் என்றே சொல்வேன். வெயிலில் அந்த வெள்ளை முன்கண்ணாடியில் பிரதிபலித்து, சாலையை மங்கலாக்கும். கண்ணாடிக்குக் கீழே உள்ள மேற்பகுதி அடர்த்தியான நிறத்தில், பளபளப்பற்ற மேட் பூச்சாகவே இருக்கட்டும். உங்கள் வெள்ளையைக் கதவுப் பலகைகளிலும் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியிலும் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஏர்பேக் மூடிகளுக்கும் அடிக்கலாமா? சீட் பெல்ட்டுக்குச் சாயம் ஏற்றலாமா?

இரண்டையும் தொடாதீர்கள். ஏர்பேக் மூடி, விரியும் நேரத்தில் குறிப்பிட்ட கோட்டில் கிழியும்படி வடிவமைக்கப்பட்டது. அதன்மீது ஸ்டிக்கர் தாளோ தடித்த பூச்சோ ஏறினால் அது எப்படிக் கிழியும், எந்தத் துண்டு பறக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி மட்டுமல்ல. பல கார்களில் இருக்கையின் பக்கவாட்டிலும் கண்ணாடிகளுக்கு மேலும் ஏர்பேக் இருக்கும். அவற்றுக்கு அருகே பாகங்களைக் கழற்றுவதற்கு முன், காரின் கையேட்டில் சொல்லியுள்ளபடி பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அதில் குறிப்பிட்ட நேரம் காத்திருங்கள். சீட் பெல்ட் பட்டையின் இழைகள் உயிரைத் தாங்குபவை. சாயத்தின் ரசாயனம் அவற்றைப் பலவீனமாக்கலாம்.

கேள்வி: தோல் இருக்கைகளின் நிறத்தை மாற்ற முடியுமா?

முடியும். கார்களில் உள்ள தோலில் பெரும்பாலானவற்றின் மேல் நிறமிப் பூச்சு ஒன்று இருக்கிறது. நாம் மாற்றுவது அந்தப் பூச்சைத்தான். தோலுக்கான சுத்திகரிப்பானால் கழுவி, மேற்பளபளப்பை நீக்கி, நீர் அடிப்படையிலான தோல் நிறமியை ஸ்பாஞ்சால் மெல்லியதாகத் தடவுங்கள். சுருக்கங்களைக் கையால் விரித்துப் பிடித்துத் தடவாவிட்டால், ஒருவர் உட்கார்ந்ததும் பழைய நிறம் கோடாகத் தெரியும். துளையிட்ட தோலில் ஸ்பாஞ்சால் தடவினால் நிறமி துளைகளை அடைத்துவிடும் என்பதால் அங்கே ஸ்ப்ரேதான் சரி. கருப்பை வெள்ளையாக்குவதைவிட நெருங்கிய நிறத்துக்கு மாறுவது நல்லது. ஒவ்வொரு கீறலிலும் அடியில் இருக்கும் நிறம் எட்டிப்பார்க்கும்.

கேள்வி: கூரைத் துணி அடர்சாம்பலாக இருக்கிறது. வெளிர் நிறமாக்கலாமா?

சாயம் துணியை அடர்த்தியாக்குமே தவிர வெளிர்க்காது. புதிய துணி ஒட்டுவதே வழி.

கேள்வி: சாதாரண முகக்கவசம் போதுமா?

போதாது. அது தூசியைத் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய மாஸ்க் அணிந்து, பாகங்களைக் கழற்றித் திறந்தவெளி நிழலில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் அடியுங்கள். நிறத்தின் மேல் பாதுகாப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சுதான் கிளியர் கோட். அதில், இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இருகூறு வகையில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதைத் தொழிற்கூடத்துக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: அடித்து எத்தனை நாளில் பாகங்களைப் பொருத்தலாம்?

தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் பூச்சு முழுமையாக இறுகச் சில நாள்கள், சில வகைகளுக்கு ஒரு வாரம்கூட ஆகும். அதற்குள் பொருத்தினால் கிளிப் அழுத்தும் இடங்களில் தடம் விழும். கைப்பிடியும் ஆர்ம்ரெஸ்டும்தான் முதலில் தேயும் என்பதால், அவற்றுக்கு மட்டும் கூடுதலாக, ஹார்டனர் கலக்காத மேட் கிளியர் கோட் கொடுத்து, திருத்தம் செய்ய அதே நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்துவையுங்கள்.