தம்பி சுவாகிலி படிக்கிறான்

வணக்கம் ஐயா,

திருகோணமலை பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி ஒரு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, நவசந்நியாசம் என்ற தொடக்கத் துறவறப் பயிற்சியை முடித்து, முதல் வார்த்தைப்பாடும் (துறவற வாக்குறுதி) கொடுத்துவிட்டுத் தான்சானியாவுக்குப் போயிருக்கிறான். ஊரில் இருக்கும்போது தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு மாகாண மட்டம் வரை போனவன். இப்போது மொழிப் பள்ளியில் சுவாகிலி படிக்கிறான். "அக்கா, கடையில உப்புக்கூட எனக்குக் கேட்டு வாங்கத் தெரியேல்ல. சின்னப் பிள்ளையள் சிரிக்குதுகள்" என்று போனில் அழுகிறான். நவசந்நியாசத்திலும் இப்படித்தான். போன் இல்லை, எப்போதாவது ஒரு கடிதம், பாத்திரம் கழுவுவது, தோட்டம் கொத்துவது, மௌனம். படிப்பும் இல்லை, பிரசங்கமும் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையை இப்படி முடக்கி வைப்பதில் என்ன பயன்? அம்மா அவனைத் திரும்பி வரச் சொல்லு என்கிறா. பக்கத்து வீட்டு அண்ணன், "கோணேசர் கோயிலை உடைச்சவன் செய்த வேலையை உங்கட தம்பி ஆபிரிக்காவில செய்யப் போறானோ?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு மறுமொழி வரவில்லை. நாங்கள் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும்? ஏதாவது அனுப்பலாமா?

ஒரு வாசகி (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

அண்ணனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பகிடி என்று விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை அது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்து, திருகோணமலையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதனால் இந்தக் கேள்வி எனக்குள்ளும் நெடுநாளாக இருக்கிறது.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்தான். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இன்றைக்கும் கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். வாசல் கல்லில் இரட்டைக் கயலும் தேய்ந்துபோன எழுத்துகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்ற அடிகள் (குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், இடிப்பான் என்பது பொருள்) எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். திருகோணமலையில் பிறந்த ஒருவர் மறைபரப்பு என்று கேட்டதும் அந்தக் கல்லை நினைப்பது இயல்பு. உங்கள் தம்பியும் அதை மறக்கக் கூடாது. வேறொரு நாட்டுக்கு, வேறொரு சனத்திடம், கடவுளைப் பற்றிக் கதைக்கப் போகிறவனுக்கு அந்த நினைவு நல்லது.

ஆனால் அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். கோயிலை இடித்தவனுக்குத் தமிழ் தேவைப்பட்டதா? பீரங்கியோடு வருகிறவனுக்கு ஒரு துபாஷி (மொழிபெயர்ப்பாளன்) போதும். சொல்வதைச் சொல்லிவிட்டு, கேட்காவிட்டால் சுடுவான். கடையில் உப்புக் கேட்கத் தெரியாமல் நிற்கிற உங்கள் தம்பியின் நிலைமை நேரெதிர். அந்த ஊர்ச் சனம் பார்த்துச் செய்தால்தான் அவனுக்குச் சாப்பாடு, அவர்கள் சொல்லிக் கொடுத்தால்தான் அவனுக்கு வாய். இப்போது அவன் படுகிற வெட்கம்தான் அவன் எப்படிப்பட்ட மிஷனரியாக வருவான் என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. அதைச் சுருக்கிவிட நினைக்காதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். புனித யோசவ் வாஸ். கோவாவில் நல்ல வசதியான பிராமணக் கிறிஸ்தவக் குடும்பம், கொங்கணி வீட்டு மொழி. 1687இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த காலத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மக்களிடம் போவதற்கு முன்னால் தமிழ் வேண்டியிருந்தது. பிறகு 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்று சந்தேகித்து அரசன் சிறையில் போட்டான். சிறையில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். 2015இல் பாப்பரசர் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது தமிழரும் சிங்களவரும் ஒரே திடலில் நின்றார்கள் என்றால், அந்த இரண்டு மொழிகளையும் அவர் படித்துச் சம்பாதித்ததும் அதற்கு ஒரு காரணம். 1705இல் அவரிடம் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமி (குருவானவரை நாங்கள் சுவாமி என்போம்) இரண்டு மொழியிலும் நூல்களே எழுதினார். இவர்கள் இருவரும் வெள்ளைக்காரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் எந்த அரசும் இல்லாமல், ஒரு ஆசிய நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வெறுங்கையோடு போனவர்கள். தம்பி போயிருக்கிற பாதை இவர்களுடையது.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் இளைஞருக்கு அப்போது 23 வயது. இறையியல் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். அவர் தமிழ் வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மணலில் 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். ஐந்து வயதுப் பிள்ளை விரலால் இழுக்கிற கோட்டைப் பார்த்து அவரும் இழுத்திருப்பார். பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? பத்து ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. மணலில் உட்காராமல் அது வந்திராது.

எல்லாருக்கும் காலம் கிடைக்கவில்லை. நமக்குப் பக்கத்தில் மட்டக்களப்புக்கு 1814இல் வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டே நோயில் இறந்துபோனார். இருந்த சில மாதங்களில் அவர் செய்தது தமிழ் படித்ததும் பள்ளிக்கூடங்கள் தொடங்கியதும்தான். அதை வீண் என்று மட்டக்களப்பில் எவரும் சொல்ல மாட்டார்கள்.

இனி நான் கண்ணால் கண்டது. எங்கள் காலத்தில் திருகோணமலையில் அமெரிக்க இயேசு சபைச் சுவாமிமார் இருந்தார்கள். நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஞாயிற்றுப் பிரசங்கத்தை முதல் நாளே ஒரு கொப்பியில் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருப்பார். நெடில் வருகிற இடமெல்லாம் மேலே ஒரு கோடு. சனிக்கிழமை பின்னேரம் சுவாமிமார் தங்கும் அறைவீட்டு விறாந்தையில், கோயிலில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் ஒரு கதிரையில், சுவாமி எதிர்க் கதிரையில். சுவாமி வாசிப்பார், பிழை வந்ததும் உபதேசியார் கையை உயர்த்துவார், சுவாமி நிறுத்திவிட்டு அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து வாசிப்பார். உபதேசியார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சுவாமி இரண்டு பட்டம் வாங்கியவர். கிரிக்கெட் விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும்போது நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். கடவுளைப் பற்றி அந்தச் சுவாமி கோயிலில் என்ன பிரசங்கம் வைத்தார் என்று சைவப் பிள்ளையான எனக்குத் தெரியாது. விறாந்தையில் அவர் இருந்த இருப்பு எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

மிஷனரிமார் படித்த தமிழைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த உபதேசியார்களையும் சட்டம்பிமாரையும் (பள்ளி வாத்தியார்மாரையும்) பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. இது எனக்குப் பெரிய மனக்குறை. தம்பியிடம் கேளுங்கள்: "உனக்கு அங்க உபதேசியார் ஆர்?" மொழிப் பள்ளி இலக்கணம் தரும். ஆனால் கையை உயர்த்திப் பிழை சொல்ல உரிமையுள்ள ஒரு ஆள் வேண்டும். கோயில் வேலை பார்க்கிற வயதான ஒருவர், ஒரு சமையல்கார அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், யாராயிருந்தாலும் சரி. சிரிக்கிற அந்தச் சின்னப் பிள்ளைகளிடமே போய் இருக்கச் சொல்லுங்கள். அவர்களைவிட நல்ல வாத்தியார் கிடையாது. பெரியவர்கள் மரியாதைக்காகப் பிழையை விழுங்கிவிடுவார்கள்.

அந்த அமெரிக்கச் சுவாமிமாரில் யூஜின் ஹேபியர் சுவாமியை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1948இல் வந்தவர். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். சண்டைக் காலத்திலும் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, சாரதியோடு மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார். இன்றுவரை இல்லை. 42 வருஷம் ஒரு ஊரில் இருந்து, அந்த ஊர்ச் சனத்தில் எத்தனையோ பேரைப் போலவே காணாமல் போன ஒரு மனிதரை "வெளியிலிருந்து வந்தவர்" என்று யார் சொல்வார்கள்? அவரும் ஒரு நாள் தமிழில் உப்புக் கேட்கத் தெரியாமல் நின்றிருப்பார்.

அப்புறம் நவசந்நியாசம். படிப்பும் இல்லை, பிரசங்கமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் தம்பிக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. திருச்சபைச் சட்டப்படி நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம். அந்தக் காலத்தில் துறவறப் பயிற்சிக்கு நேரடியாக உதவாத படிப்பிலோ வேலையிலோ அவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இயேசு சபையில் என்றால் இரண்டு வருஷம், அதற்குள் 30 நாள் ஆன்மிகப் பயிற்சி, முழு மௌனம். விடியற்காலைத் தியானம், பூசை, காலைச் செபம், மாலைச் செபம், இரவில் ஆன்ம சோதனை. இடையில் குசினியும் தோட்டமும். சபைக்குச் சபை கொஞ்சம் மாறும்.

மேடையில் ஏறினால் கைதட்டு வாங்குகிற பிள்ளைக்கு இது கொடுமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம் தன் குரலைக் கேட்காமல் இருந்து பழகியவனுக்குத்தான், பேச்சே இல்லாத ஒரு ஊரில் போய் இறங்கினால் தாக்குப்பிடிக்க முடியும். மௌனம் பழகாமல் நேரே தான்சானியாவுக்கு அனுப்பியிருந்தால் முதல் வாரமே ஆங்கிலம் தெரிந்த நாலு பேரைத் தேடிப் பிடித்து அவர்களோடேயே இருந்திருப்பான். அப்படி இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழுவது வேறு, உடைவது வேறு. சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை, செபிக்கவே மனமில்லை என்று வாரக்கணக்கில் சொன்னால், மேலாளர் சுவாமியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் வார்த்தைப்பாடு ஒரு குறித்த காலத்துக்குத்தான். அந்தக் காலம் முடிந்ததும் விலகிக்கொள்ள அவனுக்கு முழு உரிமை உண்டு. போகும்போது ஊரில் பெரிய பனர் கட்டி வழியனுப்பியிருப்பீர்கள். அந்தப் பனருக்காக ஒரு பிள்ளை அங்கே கிடந்து வாடக் கூடாது. திரும்பி வந்தால் அவன் உங்கள் தம்பி, அவ்வளவுதான் என்று அம்மா ஒருதரம் வாய்விட்டுச் சொன்னால் போதும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவன் அநேகமாக அங்கேயே நின்றுவிடுவான். ஆனால் கதைக்கும்போதெல்லாம் "எப்ப வாறாய்?" என்று கேட்க வேண்டாம்.

சுவாகிலியைப் பற்றிக் கொஞ்சம். அந்த மொழியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்பாகப் பிரியும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு. அது பெயரோடு நிற்காமல் அடைச்சொல்லிலும் வினையிலும் ஏறி உட்காரும். தமிழில் நாம் சொல்லின் கடைசியைப் பார்த்துப் பழகியவர்கள். அங்கே முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் தம்பிக்குத் தலை சுற்றுகிறது. ஆனால் சொல்லோடு சொல்லாக ஒட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம் வாய்க்குப் புதிதில்லை. காது பிடிபட்டதும் வேகமாக வரும். கடைசிக்கு முந்தின அசையில்தான் அழுத்தம்.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். பாடத்தைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்க வேண்டாம். நம் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கிறது, 'க'வும் 'த'வும் அப்படியே. சுவாகிலியில் அவை தனித்தனி ஒலி. தமிழ் எழுத்தில் எழுதி வாசித்தால் பிழை நாக்கில் உறைந்துவிடும்.

அங்கே மணி சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுகிறது. காலை ஏழை ஒரு மணி என்பார்கள். தம்பி இதற்குள் ஏதாவதொரு பூசைக்கு நேரம் மாறிப் போயிருப்பான். நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதான் என்று அப்பப்பாவோ அம்மப்பாவோ சொல்லிக் கேட்டிருந்தால் அவனுக்கு அது சட்டென்று பிடிபடும். பெரியவர்களைக் கண்டால் 'ஷிக்கமோ' என்று வணங்க வேண்டும், அவர்கள் 'மரஹபா' என்பார்கள். அதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வருகிறவனை அங்கே மதிக்க மாட்டார்கள். நம் வீட்டிலும் அப்படித்தானே. இன்னொன்று, தான்சானியாவில் 120க்கும் மேற்பட்ட மொழிகள். அங்கே பெரும்பாலானவர்களுக்குச் சுவாகிலி தாய்மொழி இல்லை, அவர்களும் படித்துத்தான் பேசுகிறார்கள். தம்பியைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் வீட்டில் வேறொரு மொழி பேசுகிறவர்களாக இருக்கலாம். நாளைக்கு உள்ளூருக்கு அனுப்பினால் அந்த மொழியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். இப்போதே தெரிந்திருப்பது நல்லது.

அனுப்புவதற்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். சுவாகிலிப் புத்தகம் அங்கேயே கிடைக்கும். தமிழில் கடிதம் எழுதுங்கள், வாட்ஸ்அப் இருந்தாலும் எழுதுங்கள். புத்திமதி வேண்டாம். மீன் என்ன விலை, யாருக்குக் கலியாணம், மாதா கோயில் கொடியேற்றம் எப்போது, இவ்வளவும் போதும். நாள் முழுக்க மூன்று வயதுப் பிள்ளை மாதிரிக் கதைத்துவிட்டு வருகிறவனுக்கு, இரவில் தன் மொழியில் நாலு பக்கம் வாசிக்கக் கிடைத்தால் அடுத்த நாளைக்குத் தெம்பு வரும். அம்மா அனுப்ப நினைத்தால் வறுத்த மிளகாய்த்தூள் அனுப்பட்டும். ஈரம் புகாமல் இரண்டு பையில் போட்டு ஒட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடவே வைக்கச் சொல்லுங்கள். மொழிப் பள்ளியில் அவனோடு மேசையில் இருக்கிறவர்களும் கேட்பார்கள்.

அன்புடன்.