18 மணித்தியால ஒலிப்பதிவும் ஒரு ஆய்வேடும்: செயற்கை நுண்ணறிவிடம் எதை விடலாம்?

கேள்வி: கொழும்பில் கல்வியியலில் முதுதத்துவமாணிப் பட்ட ஆய்வு செய்கிறேன். தமிழ்மொழிமூல உயர்தர வகுப்புகளில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம் என்பது தலைப்பு. ஆசிரியர்கள், மாணவர்கள் என 24 பேரை நேர்கண்டு முடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம். பேச்சு தமிழ்தான், இடையில் ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் வரும். இவற்றை எழுத்தாக்கவும், வகைப்படுத்தவும், முந்திய ஆய்வுகளைத் தேடவும், ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதவும் இந்தக் கருவிகளையே பாவிக்கலாமா? டர்னிடினில் (பார்த்தெழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) மாட்டுப்படுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. மாதச் சந்தா கட்டத்தான் வேண்டுமா?

பதில்: பாவிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட நான்கு வேலைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இயந்திரம் தந்ததைச் சரிபார்க்க எடுக்கும் நேரம், அதே வேலையை நீங்களே செய்யும் நேரத்தை விட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத வேலையை அதனிடம் விடுவதில் லாபம் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

முதலில் சம்மதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள்

குரல்பதிவு எங்கே போகும் என்று அதில் எழுதியிருக்கிறதா? "ஆய்வுத் தேவைக்கு மட்டும் பயன்படுத்தப்படும்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வெளிநாட்டு சேவர் ஒன்றுக்குப் பதிவை ஏற்ற முடியாது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன அடையாளம், மத நம்பிக்கை, அரசியல் கருத்து, உடல்நலம், சிறுவர் பற்றிய தரவு ஆகியவற்றைத் தனி வகையாக வைத்து, கூடுதல் கவனம் கேட்கிறது. பாடசாலை மாணவர்களின் நேர்காணல் என்றால் இவற்றில் இரண்டு மூன்று தானாகவே வந்துவிடும்.

படிவத்தில் இல்லையென்றால் வழி இரண்டு. ஒன்று, ஒலிப்பதிவை உங்கள் கணினியை அல்லது பல்கலைக்கழகக் கணினியை விட்டு வெளியே விடாமல் வேலை செய்வது. மற்றது, நெறிமுறைக் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் கொடுத்து, பங்கேற்றவர்களிடமும் (மாணவர் என்றால் பெற்றோரிடமும்) திரும்பச் சம்மதம் வாங்குவது. சேர்க்க வேண்டிய வாசகம் இந்த மாதிரி இருக்கலாம்:

"உங்கள் குரல்பதிவு ஆய்வாளரின் அல்லது பல்கலைக்கழகத்தின் கணினியிலேயே, இணையத்துக்கு அனுப்பாமல், மென்பொருள் மூலம் எழுத்தாக்கப்படும். பெயர், பாடசாலை, ஊர் நீக்கப்பட்ட எழுத்துப் பகுதிகள் பகுப்பாய்வுக்காகச் செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றில் இடப்படலாம். இதற்கு உடன்படாமலும் நீங்கள் ஆய்வில் பங்கேற்கலாம்."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். குழு அதைத்தான் தேடும்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்றும் நம்ப வேண்டாம். கொழும்பில் தமிழ்மொழிமூல உயர்தரப் பாடசாலைகள் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். "வெள்ளவத்தைப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை, தகவல் தொழில்நுட்ப ஆசிரியை, 20 வருட சேவை" என்று எழுதினால், அது யார் என்று ஆசிரியர் ஓய்வறையில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இடத்தை "கொழும்பு மாவட்டம்" என்றும், சேவைக்காலத்தை "15 வருடங்களுக்கு மேல்" என்றும், பாடத்தைத் துறையாகவும் மாற்றுங்கள். சட்ஜிபிடியின் அமைப்புகளில் உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது. நிறுத்துங்கள், ஆனால் பயிற்சிக்கு எடுக்காததும் சேமிக்காமல் விடுவதும் வேறு வேறு.

எழுத்தாக்கம்

24 நேர்காணல், தலா 45 நிமிடம் என்றால் 18 மணித்தியால ஒலி. ஒரு மணித்தியாலத்தைக் கையால் தட்டெழுத நாலைந்து மணித்தியாலம் சாதாரணமாகப் போகும். ஆகவே இங்கே உதவி தேடுவது நியாயம்தான்.

உங்கள் கணினியிலேயே ஓடக்கூடியது ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டெம்பரில் இலவசமாக வெளியிட்ட, ஒலியை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருள். அதன் பெரிய மாதிரிக்குக் (மொடல்) கிராபிக்ஸ் அட்டையில் ஏறத்தாழ 10 ஜிபி நினைவகம் தேவை, நடுத்தர மாதிரிக்கு 5 ஜிபி. சாதாரண மடிக்கணினியில் சிறிய மாதிரி ஓடும், ஆனால் தமிழுக்கு அதை நம்ப முடியாது. பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் கிராபிக்ஸ் அட்டை உள்ள இயந்திரம் ஒன்றைச் சில நாட்களுக்குக் கேட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் அதிலிருந்து கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு எழும்புங்கள்.

ஓடவிடும்போது கவனிக்க வேண்டியது மூன்று. மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் தமிழ் என்று நீங்களே கொடுங்கள். அது முதல் 30 விநாடியைக் கேட்டு மொழியைத் தீர்மானிக்கும். "குட் மோர்னிங் சேர், ரெக்கோர்ட் பண்ணலாம்தானே" என்று தொடங்கிய பதிவை ஆங்கிலம் என்று எடுத்துவிட்டால் மிச்சம் முழுக்கக் கோணல். இரண்டாவது, முந்திய பகுதியின் எழுத்தை அடுத்ததுக்குக் கொண்டுபோகும் தெரிவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வசனம் இருபது தடவை வரும் சுழலுக்குள் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, நீண்ட மௌனங்களை முன்கூட்டியே வெட்டும் வடிகட்டியைப் போடுங்கள். மௌனத்தில் இது சும்மா இருக்காது, சொல்லாததை எழுதும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 வீதத்தில் யாரும் பேசாத வசனங்கள் முழுசாக வந்திருந்தன. சோதித்தது ஆங்கிலத்தில். 1 வீதம் சின்ன எண் மாதிரித் தெரியும், ஆனால் அந்த வசனம் நன்றாக வாசிக்கக் கிடக்கும் என்பதால் ஒலியைக் கேட்காமல் பிடிக்க வழியில்லை.

18 மணித்தியாலத்தையும் ஓடவிட முன் ஒரு சோதனை. தெளிவாகப் பேசும் ஆசிரியர், வேகமாகப் பேசும் மாணவர், பின்னால் காலி வீதி வாகனச் சத்தம் உள்ள பதிவு என்று மூன்றில் தலா 10 நிமிடம் எடுத்து, முதலில் நீங்களே சரியாக எழுதுங்கள். பிறகு இயந்திரப் பிரதியை ஒப்பிடுங்கள். பிழையான சொற்கள், விடுபட்டவை, புதிதாக முளைத்தவை மூன்றையும் கூட்டி, சரியான பிரதியின் மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். 1,000 சொல்லுக்கு 150 என்றால் 15 வீதம். தமிழில் ஒரு விகுதி மாறினாலே முழுச் சொல்லும் பிழையாக எண்ணப்படும் என்பதால் எண் கொஞ்சம் மிகையாகத் தெரியும். சொல்லுக்குப் பதிலாக எழுத்துகளை எண்ணியும் ஒருமுறை பாருங்கள். சொல் கணக்கில் 20 வீதத்துக்குள் என்றால் திருத்திக்கொண்டு போகலாம், 30ஐத் தாண்டினால் திருத்துவதை விடத் தட்டுவது சுகம்.

அப்படி ஆனால் இன்னொரு வழியும் உண்டு. காதில் ஹெட்போனை மாட்டி, கேட்டதை உங்கள் குரலில் நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொல்லி, கூகுளின் குரல் தட்டச்சைக் கொண்டு எழுதுங்கள். மொழித் தெரிவில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. பங்கேற்றவரின் குரல் வெளியே போகாது. பெயர் வரும் இடத்தில் "ஆசிரியர் 7" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லும் விஷயம் கூகுளுக்குப் போகும் என்பதால் இதையும் படிவம் அனுமதிக்க வேண்டும்.

வகைப்படுத்தல்: இங்கேதான் ஆய்வு கெடும்

ஓர் ஆசிரியை இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "ஓமோம், போன தவணையோட எல்லாப் பிள்ளையளும் திடீரெண்டு கெட்டிக்காரராயிட்டினம். கட்டுரை எல்லாம் ஒரே அச்சு." இதை எழுத்துநடைக்கு மாற்றினால், "ஆம், கடந்த தவணையுடன் எல்லா மாணவர்களும் திறமைசாலிகளாகிவிட்டனர். கட்டுரைகள் ஒரே வடிவில் உள்ளன" என்று வரும். நக்கல் முழுக்கப் போய்விட்டது. இப்போது இதை வகைப்படுத்தச் சொன்னால் "கற்றல் அடைவில் முன்னேற்றம்" என்ற தலைப்பில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே பேச்சுநடையைச் செம்மையாக்காமல் அப்படியே வைத்திருங்கள். தொனி முக்கியமான இடத்தில் அடைப்புக்குறிக்குள் (சிரித்தபடி), (நீண்ட மௌனம்) என்று நீங்களே குறியுங்கள். இயந்திரம் ஒலியைக் கேட்கவில்லை, நீங்கள் கேட்டீர்கள்.

24இல் ஆறையாவது எந்த உதவியும் இல்லாமல் நீங்களே வகைப்படுத்துங்கள். அந்த ஆறிலிருந்து ஒரு குறியீட்டேடு, அதாவது கூற்றுகளுக்கு இடும் வகைப்பெயர்களின் (குறியீடுகளின்) பட்டியல், தயாரியுங்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பெயர், இரண்டு வரி விளக்கம், எது சேரும், எது சேராது, ஓர் உதாரணக் கூற்று ஆகியவை அதில் இருக்க வேண்டும். "எது சேராது" என்பதை எழுதாமல் விட்டால் இயந்திரம் எல்லாவற்றையும் முதல் மூன்று குறியீட்டுக்குள் அள்ளிப் போடும்.

பிறகு மிச்சப் பிரதிகளை ஒரு கேள்வி, ஒரு பதில் என்று துண்டுதுண்டாகக் கொடுங்கள். தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட அதிக டோக்கன்களாக (இயந்திரம் எழுத்தை வாசிக்கும் சிறு துண்டுகள்) உடைவதால் ஒரே அளவு பேச்சு அதிக இடம் பிடிக்கும். முழு நேர்காணலையும் ஒரேயடியாகப் போட்டால் நடுப்பகுதி கவனிக்கப்படாமல் போவது வழமை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஆதாரக் கூற்றை எழுத்துப் பிசகாமல் தரச் சொல்லுங்கள். தந்த கூற்றைப் பிரதியில் தேடிப் பாருங்கள். அச்சொட்டாகக் கிடைக்கவில்லை என்றால் அதையும் அந்தக் குறியீட்டையும் தள்ளிவிடுங்கள். அதே துண்டை வேறொரு நாளில் திரும்பக் கொடுத்து விடை மாறுகிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் வகைப்படுத்திய ஆறையும் இயந்திரத்திடம் கொடுத்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா கணக்குப் போடுவது குறியீட்டேடு முறைக்குச் சரி. ஆய்வாளரின் பார்வையையே கருவியாகக் கொள்ளும் கருப்பொருள் பகுப்பாய்வு செய்கிறீர்கள் என்றால் கப்பா அங்கே பொருந்தாது. இரண்டையும் கலந்து எழுதினால் பரீட்சகர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

முந்திய ஆய்வுகளைத் தேடுவது

இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்வது இப்போது எல்லோருக்கும் தெரிந்த குறை. 2023இல் நியூயோர்க்கில் இப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர இணைய அடையாள எண்) போட்டுப் பார்த்தால் போலி உடனே பிடிபடும். அதைவிட மோசமானது, கட்டுரை உண்மையாகவே இருக்கும், ஆனால் சொன்ன முடிவு அதில் இருக்காது. அதற்கு மருந்து பிடிஎப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை வாசிப்பது மட்டும்தான்.

இலங்கைத் தமிழ்க் கல்வி பற்றிய பழைய சஞ்சிகைகளை இந்தக் கருவிகளிடம் கேட்டுப் பயனில்லை. "நூலகம்" என்ற பெயருள்ள இலங்கைத் தமிழ் இணைய நூலகத்தில் வருடிய (ஸ்கான் செய்த) பிரதிகளாகத் தேடுங்கள். மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் நூலகத்துக்கும், வெள்ளவத்தை கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் நேரில் போவது நல்லது. ஒரு சின்ன எச்சரிக்கை: யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பிலிருந்து பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். அதை அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்தால் தெரியாது என்று சொல்லாமல் எதையாவது ஊகித்து எழுதிவிடலாம். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் ஆண்டுகளும் சிதையவில்லையா என்று கண்ணால் பாருங்கள்.

டர்னிடின் பயம்

டர்னிடின் தரும் ஒற்றுமை வீதமும் (மற்றவர் எழுத்தோடு ஒத்திருப்பது) செயற்கை நுண்ணறிவுக் குறிகாட்டியும் (இயந்திரம் எழுதியது என்று ஊகிப்பது) இரண்டு வேறு அறிக்கைகள். இரண்டாவதை ஒரு தீர்ப்பாக எடுக்க முடியாது. 2023இல் வெளியான ஆய்வொன்றில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோபல் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கண்டறி கருவிகளில் போட்டபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதென்று தவறாகச் சொல்லப்பட்டன. அதில் டர்னிடின் சேரவில்லை. டர்னிடினே இந்தக் குறிகாட்டி 20 வீதத்துக்குக் கீழ் என்றால் எண்ணைக் காட்டுவதில்லை. ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறி கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் மூடிவிட்டது.

பாதுகாப்பு உங்கள் கையில்தான். மாற்ற வரலாறு பதிவாகும் கோப்பில் எழுதுங்கள், அத்தியாயம் அத்தியாயமாகத் திகதியிட்டுச் சேமியுங்கள், கைக்குறிப்புகளை எறியாதீர்கள். "மனிதர் எழுதியது போல் மாற்றித் தரும்" செயலிகளிடம் போகவே வேண்டாம். கலைச்சொற்களைக் கெடுப்பதுதான் அவை செய்யும் முதல் வேலை. நீங்கள் எழுதிய ஆங்கிலத்தின் இலக்கணத்தைத் திருத்தச் சொல்வது வேறு, குறிப்பைக் கொடுத்து அத்தியாயம் எழுதச் சொல்வது வேறு. முதலாவதை அறிவித்துவிட்டுச் செய்யலாம். இரண்டாவதை அறிவித்தாலும் வாய்மொழிப் பரீட்சையில் காப்பாற்றிக்கொள்ள முடியாது. மேற்பார்வையாளரிடம் வாயால் கேட்டுவிட்டு விடாமல் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி வையுங்கள்.

முறையியல் அத்தியாயத்தில் எழுத வேண்டியது: கருவியின் பெயரும் பதிப்பும், எந்த மாதங்களில், எந்த வேலைக்கு, என்ன தரவு கொடுத்தீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள். கொடுத்த கட்டளைகளைப் பின்னிணைப்பில் போடுங்கள். கருவியை ஆசிரியராகவோ இணையாசிரியராகவோ குறிப்பிட முடியாது. வெளியீட்டு நெறிமுறைக் குழுவான கோப் 2023இலேயே அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று

தலைப்பில் உள்ள "தாக்கம்" கொஞ்சம் கனமானது. 24 பேரின் பேச்சை வைத்து அடைவு கூடியது, குறைந்தது என்று நிறுவ முடியாது. "நடைமுறைகளும் அனுபவங்களும்" என்று மாற்றினால் தரவு தாங்கும். "செயற்கை நுண்ணறிவு பாவிக்கிறீர்களா" என்று நேராகக் கேட்டிருந்தால் "இல்லை" என்ற பதில்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் மெட்டா ஏஐ, கூகுள் தேடலின் மேலே வரும் சுருக்கம், ஆங்கிலம் திருத்தும் கிராமர்லி எல்லாம் அதில் அடங்கும் என்று பலர் நினைப்பதில்லை. அப்படிச் சொன்னவர்களில் சிலரிடமாவது "கடைசியாகச் செய்த ஒப்படையை எப்படி எழுதினீர்கள், போனில் காட்ட முடியுமா" என்று ஒரு சிறிய பின்தொடர் நேர்காணல் செய்யலாம். திருத்த விண்ணப்பம் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

சந்தா விஷயம்: சட்ஜிபிடி பிளஸ் மாதம் 20 டொலர். பிரதிகள் திருத்தி முடிந்து, பெயர்கள் நீக்கி, குறியீட்டேடும் கையில் இருக்கும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள், மாதம் முடியும்வரை சேவை ஓடும்.